மனசை ஆளக் கற்போம்



நம் குழுவில் பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. சேமிப்புக்கு ஒரு புத்தகம், கடனுக்கு ஒரு புத்தகம், ரொக்கத்துக்கு ஒரு புத்தகம் வைத்திருக்கிறோம். தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். பத்து ரூபாய் குறைந்தாலும் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் கூட்டத்தில் நாம் பேசுகிற பேச்சுக்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு கிடையாது. பணத்தால்தான் குழு உடைகிறது என்று நினைக்கிறோம். கிட்டப் போய்ப் பார்த்தால், எத்தனையோ குழுக்கள் ஒரு சொல்லால் உடைந்திருக்கும்.

எங்கள் குழுவிலும் அப்படி ஒன்று நடந்தது. பெயர் வேண்டாம். ஓர் உறுப்பினர் இரண்டு மாதம் உள்கடன் தவணை கட்டவில்லை. மூன்றாவது மாதமும் வெறும் கையோடு வந்து உட்கார்ந்தார். காதில் புதுக் கம்மல் மின்னியது. எங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "கம்மல் வாங்கக் காசு இருக்கு, தவணை கட்ட மட்டும் இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டோம். ஒருத்தர் ஆரம்பித்ததும் நாலு பேர் சேர்ந்துகொண்டோம். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுந்து போய்விட்டார்.

அந்தக் கம்மல் கவரிங் என்று பிறகுதான் தெரிந்தது. தங்கக் கம்மல் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக அடகுக்கடையில் இருந்தது. வெறும் காதோடு கூட்டத்துக்கு வரக் கூச்சப்பட்டு, நூறு ரூபாய்க்குக் கவரிங் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நாங்கள் ஒரு கேள்வியை எங்களையே கேட்டுக்கொண்டோம். கடனை நிர்வாகம் பண்ணக் கற்றுக்கொண்டோம், வங்கியில் பேசக் கற்றுக்கொண்டோம், மேடை ஏறவும் கற்றுக்கொண்டோம். நம் மனசை ஆள எப்போது கற்றோம்? இதைப் பற்றி 2500 ஆண்டுகளுக்கு முன்பே ஆழமாகச் சொன்னவர் புத்தர். அவர் சொன்னதில் நம் வீட்டுக்கும் குழுவுக்கும் உதவுகிற சில பாடங்களை இங்கே பகிர்ந்துகொள்கிறோம். யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும், கும்பிடாதவரும் செய்து பார்க்கலாம்.

சாந்தமான அம்மாவும் வேலைக்காரி காளியும்

புத்தர் தன் சீடர்களுக்குச் சொன்ன ஒரு கதை இது. சிராவஸ்தி என்ற ஊரில் வேதேகிகா என்று ஒரு வீட்டுக்கார அம்மா இருந்தார். இந்த ஊர் இன்றைக்கு உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. "வேதேகிகா மாதிரி சாந்தமான பொம்பளை உண்டா? அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார்" என்று ஊரே புகழ்ந்தது. அவர் வீட்டில் காளி என்று ஓர் அடிமைப் பெண் வேலை செய்தாள். கெட்டிக்காரி. எல்லா வேலையையும் நேரத்துக்கு, சுத்தமாக முடித்துவிடுவாள்.

காளிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் இல்லையா? இல்லை, நான் ஒழுங்காக வேலை செய்வதால் கோபம் வெளியே வராமல் இருக்கிறதா? சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் வேண்டுமென்றே விடிந்து நேரம் கழித்து எழுந்தாள். ஏன் லேட் என்று அம்மா கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். அம்மா முகம் சுளித்தது. அடுத்த நாள் இன்னும் நேரம் கழித்து எழுந்தாள். அம்மா வாயில் திட்டு வந்தது. மூன்றாம் நாள் அதைவிடத் தாமதம். சாந்தமான அம்மா கதவின் தாழ்ப்பாள் கட்டையை உருவிக் காளியின் தலையில் ஓங்கி அடித்துவிட்டார். மண்டை உடைந்தது. ரத்தம் வழிய வழியக் காளி அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனாள். "பாருங்க, உங்க சாந்தமான அம்மா பண்ண வேலையை!" என்று காட்டினாள். அத்தனை வருஷப் பெயரும் மூன்றே நாளில் போய்விட்டது.

எல்லாம் நமக்குப் பிடித்த மாதிரி நடக்கும்போது யார்தான் சாந்தமாக இருக்கமாட்டார்கள்? பிடிக்காத சொல் காதில் விழும்போதுதான் நம் பொறுமை எவ்வளவு என்று தெரியும். இதுதான் புத்தர் இந்தக் கதையில் சொன்ன பாடம். தவணை எல்லாம் ஒழுங்காக வந்த மாதங்களில் நாங்களும் நல்ல குழுவாகத்தான் இருந்தோம். மூன்றாவது மாதம்தான் எங்கள் கையிலும் தாழ்ப்பாள் கட்டை வந்தது.

கோபம் எப்படி வருகிறது?

கோபம் திடீரென்று வருவதாக நாம் நினைக்கிறோம். நிதானமாகக் கவனித்தால் அதில் நாலு படி இருப்பது தெரியும்.

முதல் படியில் ஒரு சொல் காதில் விழுகிறது, அல்லது ஒரு காட்சி கண்ணில் படுகிறது. இரண்டாவதாக, உடம்பில் மாற்றம் வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, முகம் சூடாகிறது, மூச்சு வேகமாகிறது. மூன்றாவதாக, மனசு கதை கட்டுகிறது. "என்னை மதிக்கல, வேணும்னே பண்றா, இவ எப்பவுமே இப்படித்தான்" என்று ஓடுகிறது. நாலாவதாக, வாய் திறக்கிறது. சிலருக்குக் கை ஓங்குகிறது.

முதல் படி நம் கையில் இல்லை. யார் என்ன பேசுவார்கள் என்பதை நாம் தடுக்க முடியாது. நாலாவது படிக்குப் போய்விட்டால் திரும்பி வர முடியாது. நமக்கு வாய்ப்பு இருப்பது இரண்டாவது படியில்தான். உடம்பு சூடாகும்போதே "ஓ, கோபம் வருது" என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கோபத்தை விழுங்கவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம். பால் பொங்குவதைப் பார்த்துவிட்டால் அடுப்பைக் குறைக்கிறோம் அல்லவா, அது மாதிரிதான். பார்க்காமல் விட்டால்தான் அடுப்பெல்லாம் பால்.

இப்படி விழிப்போடு இருப்பதற்குப் புத்தர் சொன்ன எளிய வழி மூச்சைக் கவனிப்பது. பாலி மொழியில் இதை ஆனாபானசதி என்பார்கள். செலவு கிடையாது, தனி அறை வேண்டாம்.

காலையில் வேலை தொடங்கும் முன், அல்லது ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். சம்மணம் போட்டோ, சுவரில் சாய்ந்தோ, முட்டி வலி இருந்தால் நாற்காலியிலோ உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியில் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் கவனியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், இழுக்க வேண்டாம். அது பாட்டுக்கு வரட்டும், போகட்டும். கொஞ்ச நேரத்தில் மனசு ரேஷன் கடைக்கோ, பிள்ளையின் பரீட்சைக்கோ ஓடிவிடும். அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். ஓடிப்போன ஆட்டுக்குட்டியைத் தூக்கிவந்து விடுகிற மாதிரி மறுபடியும் மூச்சுக்குக் கொண்டுவாருங்கள். நூறு தடவை ஓடினால் நூறு தடவை. அப்படித் திருப்பிக் கொண்டுவருவதுதான் பயிற்சி.

"இதெல்லாம் சாமியார் பண்ற வேலை" என்று சிலர் நினைக்கலாம். 1994 ஏப்ரலில் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே நேரத்தில் பத்து நாள் விபசனா தியானப் பயிற்சியில் உட்கார்ந்தார்கள். அப்போது சிறைத் துறைத் தலைவராக இருந்தவர் கிரண் பேடி. பயிற்சி நடத்தியவர் எஸ்.என். கோயங்கா. கோபத்தில் ஒரு நிமிஷம் தவறி ஆயுளைத் தொலைத்தவர்கள்கூட மூச்சைக் கவனிக்க உட்கார முடிந்தது என்றால், நம்மாலும் முடியும்.

இரண்டாவது அம்பு

புத்தர் சொன்ன இன்னொரு உவமை. ஒருவன் மேல் ஓர் அம்பு தைக்கிறது. வலிக்கிறது. அதே இடத்தில் இரண்டாவது அம்பும் தைத்தால் எப்படி இருக்கும்? வாழ்க்கையில் வரும் நஷ்டமும் நோயும் முதல் அம்பு. அது எல்லோருக்கும் வரும். அதை நினைத்து நினைத்து நாமே புலம்புவது இரண்டாவது அம்பு.

கறவை மாடு செத்துப்போச்சு, கடன் நிற்கிறது. இது முதல் அம்பு. வலி நிஜம். "எனக்கு மட்டும் ஏன் இப்படி? என் ராசியே இதுதான், ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடப்பது இரண்டாவது அம்பு. முதல் அம்புக்குக் குழு இருக்கிறது, காப்பீடு செய்திருந்தால் அது இருக்கிறது. இரண்டாவதை நாமே நிறுத்தினால்தான் உண்டு. மன அமைதி என்பது கஷ்டமே வராத வாழ்க்கை என்று எண்ண வேண்டாம். முதல் அம்போடு நின்றுகொண்டாலே பெரிய நிம்மதி.

பரிமாறிய சோறு யாருக்கு?

ராஜகிருகம் என்பது இன்றைய பீகாரில் உள்ள ஊர். அங்கே ஒருவர் புத்தரிடம் வந்து வாய்க்கு வந்தபடி திட்டினார். புத்தர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, உன் வீட்டுக்கு விருந்தாளி வருவது உண்டா, அவர்களுக்குச் சாப்பாடு வைப்பாயா என்று விசாரித்தார். வைப்பேன் என்றார் வந்தவர். அவர்கள் சாப்பிடாமல் போனால் அந்தச் சாப்பாடு யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றார் அவர். நீ கொடுத்த திட்டை நான் வாங்கிக்கொள்ளவில்லை, அது உனக்கே என்றார் புத்தர்.

தெருக்குழாயடியில் யாராவது சாடை பேசினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இலையைப் போட்டவர் அவர்தான். உட்கார்ந்து சாப்பிடுவதும் எழுந்து போவதும் நம் இஷ்டம்.

வீடு வீடாகக் கடுகு

இதுவரை சொன்னது நம் மனசை நாம் ஆள்வது பற்றி. அடுத்தது கருணை. இதற்குக் கிசா கோதமியின் கதையை விட நல்ல பாடம் இல்லை.

கிசா கோதமி ஏழை வீட்டுப் பெண். புகுந்த வீட்டில் அவளுக்கு மதிப்பில்லை. ஓர் ஆண் குழந்தை பிறந்த பிறகுதான் மரியாதை கிடைத்தது. அந்தக் குழந்தை ஓடி விளையாடும் வயதில் இறந்துவிட்டது. அவளுக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பிள்ளையின் உடலை இடுப்பில் சுமந்துகொண்டு மருந்து கேட்டு அலைந்தாள். ஒருவர் அவளைப் புத்தரிடம் அனுப்பினார்.

புத்தர் அவளுக்கு உபதேசம் பண்ணவில்லை. "விதி, ஆறுதல் அடை" என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கடுகு கொண்டுவரச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, சாவே நடக்காத வீட்டிலிருந்து வர வேண்டும். அவள் வாசல் வாசலாகப் போனாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் அப்பா போயிருந்தார், ஒரு வீட்டில் மகள், ஒரு வீட்டில் புருஷன். சாவு இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. தன் துக்கம் தனக்கு மட்டும் வந்ததில்லை என்று அவளுக்கே புரிந்தது. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்து துறவியானாள். அந்தக் காலப் பெண் துறவிகளின் பாடல்களைத் தொகுத்த தேரிகாதை என்ற நூலில் அவள் பெயரிலும் பாடல் இருக்கிறது.

சகோதரிகளே, இந்தக் கதையை நாம் துக்க வீட்டில் சொல்லும் ஆறுதலாகத்தான் கேட்டிருக்கிறோம். இதில் இன்னொரு பாடமும் உண்டு. அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று, "உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால்தான் மற்றவர் பாரம் நமக்குத் தெரியும். கேட்காமல் கருணை வராது. எங்கள் குழுவில் பதினைந்து பேர் இருந்தோம். அந்தச் சகோதரி வீட்டு வாசலுக்குப் போய் ஒரு தடவை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பாடம் நம் தமிழ் மண்ணுக்கும் புதிதில்லை. சாத்தனார் எழுதிய மணிமேகலை பௌத்தக் காப்பியம். கையில் அமுதசுரபி கிடைத்ததும் மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்தில் பசித்தவர்களைத் தேடிப் போய்ச் சோறு போட்டாள். சிறைச்சாலைக்குள்ளேயும் போய்க் கைதிகளுக்கு ஊட்டினாள். அந்தச் சிறையையே அறக்கோட்டமாக மாற்றும்படி அரசனிடம் கேட்டு வாங்கினாள். அவளும் உள்ளே போய்ப் பார்த்துத்தான் கருணை காட்டினாள்.

பொறுமை வேறு, அடங்கிப்போவது வேறு

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். "பொறுத்துப் போ, பொம்பளைன்னா அப்படித்தான்" என்று நம்மிடம் காலகாலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். புத்தர் சொன்ன பொறுமை அது இல்லை.

சிகாலன் என்ற இளைஞனுக்கு அவர் குடும்ப வாழ்க்கை பற்றிச் சொன்னபோது, மனைவிக்குக் கணவன் செய்ய வேண்டிய ஐந்து கடமைகளை வரிசையாகச் சொன்னார். மரியாதை தர வேண்டும், இழிவுபடுத்தக் கூடாது, துரோகம் செய்யக் கூடாது, வீட்டு அதிகாரத்தை அவளிடம் கொடுக்க வேண்டும், நகை அணிகள் வாங்கித் தர வேண்டும். மனைவிக்கும் கடமைகளைச் சொன்னார். ஆனால் ஒருதலையாகச் சொல்லவில்லை.

புத்தரைப் பெற்ற தாய் இறந்தபின் வளர்த்த சித்தி மகாபிரஜாபதி கோதமி. பெண்களும் துறவியாக அனுமதி வேண்டும் என்று கேட்டார். மூன்று தடவை கேட்டும் புத்தர் மறுத்துவிட்டார். அவர் சண்டை போடவில்லை. வீட்டுக்குப் போய் முடங்கவும் இல்லை. தலைமுடியை மழித்து, காவி உடுத்தி, பல பெண்களைக் கூட்டிக்கொண்டு வைசாலி வரைக்கும் நடந்தே போனார். கால் வீங்கி, தூசி படிந்து வாசலில் நின்றார். சீடர் ஆனந்தர் அவர்களுக்காகப் பேசினார். பெண்களாலும் ஞானத்தின் உச்சியை அடைய முடியும் என்று புத்தர் ஒப்புக்கொண்டு அனுமதி தந்தார். எட்டுத் தனி விதிகள் பெண்கள் மேல் போடப்பட்டதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் பெண்களுக்கென்று ஒரு சங்கம் பிறந்தது. மனசை ஆளுகிறவர் அடங்கிப்போகிறவர் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே, வீட்டில் அடி உதை இருந்தால் மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. குழுவிலும் சொல்லுங்கள். நிதானமான மனசு நமக்கு வேண்டும், பயந்த மனசு வேண்டாம்.

பேசும் முன் ஐந்து கேள்வி

நல்ல பேச்சுக்குப் புத்தர் ஐந்து அடையாளம் சொன்னார். அதையே கேள்வியாக்கிக் குழுவில் வைத்துக்கொள்ளலாம்.

1. இதைச் சொல்ல இது சரியான நேரமா?
2. சொல்வது உண்மையா?
3. மென்மையாகச் சொல்கிறோமா?
4. சொல்வதால் பயன் உண்டா?
5. நல்லெண்ணத்தோடு சொல்கிறோமா?

கம்மலைப் பற்றி நாங்கள் பேசியதை இதில் வைத்துப் பார்த்தோம். எல்லோர் முன்னாலும் சொன்னோம், நேரம் தப்பு. கம்மல் தங்கம் இல்லை, உண்மையும் தப்பு. குத்தலாகச் சொன்னோம். ஒரு ரூபாய்கூட வசூலாகவில்லை. நல்லெண்ணம் துளியும் இல்லை. ஐந்துக்கு ஐந்தும் தவறிவிட்டோம்!

இதற்காகத் தவணையைக் கேட்கவே கூடாது என்று அர்த்தம் இல்லை. குழுப்பணம் எல்லோருடைய பணம், கேட்டுத்தான் ஆக வேண்டும். கூட்டத்துக்கு முதல் நாள் ஊக்குநரும் இன்னொருவரும் வீட்டுக்குப் போய், "என்ன கஷ்டம், எப்ப கட்ட முடியும்?" என்று கேட்கலாம். தவணையைப் பிரித்துக் கட்டத் தீர்மானம் போடலாம். கேட்கிற விஷயம் ஒன்றுதான், கேட்கிற விதம் வேறு.

கடைசியாக ஒரு சின்னப் பயிற்சி. மூச்சைக் கவனித்து முடித்ததும் "நான் நிம்மதியாக இருக்கணும்" என்று மனசுக்குள் நினையுங்கள். பிறகு பிள்ளைகளை, அக்கம்பக்கத்தை, குழுவினரை நினையுங்கள். கடைசியில் உங்களுக்குப் பிடிக்காத ஒருவரையும் நினைத்து, "அவளும் நிம்மதியாக இருக்கட்டும்" என்று வாழ்த்துங்கள். முதலில் கசக்கும். பரவாயில்லை. பக்கத்து வீட்டில் புது மாடு வாங்கினால் வயிறு எரியாமல் சந்தோஷப்பட முடிகிறதா என்றும் பாருங்கள். அதற்கும் புத்தர் பெயர் வைத்திருக்கிறார். முதிதை என்பார்கள்.

நாங்கள் அந்தச் சகோதரி வீட்டுக்கு மூன்று பேராகப் போய் மன்னிப்புக் கேட்டோம். கடுங்காப்பி கொடுத்தார். பிறகு பாக்கியை வட்டியோடு கட்டி முடித்துவிட்டார். கட்டிய அன்று ஒன்று சொன்னார்: "பணத்தைத் திருப்பிக் கட்டிட்டேன் அக்கா. நீங்க சொன்ன சொல்லை யார் திருப்பிக் கட்டுவா?" எங்களிடம் பதில் இல்லை. இன்றைக்கும் கூட்டத்துக்கு வருகிறார். வாசலை ஒட்டித்தான் உட்காருகிறார். அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மூச்சைக் கவனித்துவிட்டுத்தான் நாங்கள் வாயைத் திறக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்க:

• கடைசியாக நமக்குக் கோபம் வந்தபோது உடம்பில் முதலில் தெரிந்தது என்ன?
• நம் குழுவில் யாராவது நின்றுவிட்டார்களா? அவர் வீட்டு வாசலுக்கு நாம் போனோமா?
• கூட்டம் தொடங்கும் முன் இரண்டு நிமிஷம் எல்லோரும் மூச்சைக் கவனித்து உட்காரத் தீர்மானம் போடலாமா?